எங்க பிளாட்டுக்கு புது லிப்ட் வந்த கதை: 80 அவங்க, 20 நாங்க

எங்க பிளாட்டுக்கு எப்படி புது லிப்ட் வந்துச்சுன்னு ஜெலுத்தோங்ல இருந்து பாயா தெருபோங் வரைக்கும் தெரிஞ்சவங்க எல்லாம் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாட்சாப்ல வாய்ஸ் அனுப்பி தொண்டை கட்டிக்கிச்சு, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

எங்களது மலேசியாவுல பினாங்கு தீவுல இருக்கிற லோ கோஸ்ட் பிளாட், அதாவது கம்மி விலை அடுக்குமாடி. ஒரே புளோக், 240 வீடு, ரெண்டு லிப்ட். தொண்ணூறுகள்ல 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வித்த வீடுங்க. லிப்ட் எல்லா மாடியிலயும் நிக்காது, மூணு மாடிக்கு ஒரு தடவைதான் கதவு திறக்கும், மீதிய நடந்துக்கணும். அதுல ஒண்ணு ரோசாக் ஆனதும் (கெட்டுப் போனதும்) அதுல இருந்த சாமான எல்லாம் கழட்டி இன்னொண்ணுக்கு போட்டாங்க, கடைசியில அதுவும் வாரத்துல பாதி நாள் படுத்துக்கும். காஸ் தோங் (சிலிண்டர்) கொண்டு வர்ற பையன் ஆறாவது மாடிக்கு மேல ஒவ்வொரு மாடிக்கும் 1 வெள்ளி எக்ஸ்ட்ரா கேப்பான், அவன் தோங்க தோள்ல வச்சிட்டு மூச்சு வாங்க ஏறி வர்றத பார்த்தா பேரம் பேச வாயே வராது. எனக்கு மேல் மாடியில ஒரு பாட்டிக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ், லிப்ட் நின்ன நாள்ல மகனும் பக்கத்து வீட்டு மலாய் பையனும் பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு தூக்கிட்டு இறங்குவாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பினாங்கு மாநில அரசாங்கத்துல 80 சதவீத பராமரிப்பு நிதின்னு ஒண்ணு இருக்கு, டிபிஎம்80ன்னு சொன்னா விவரம் தெரிஞ்சவங்களுக்கு புரியும். லோ கோஸ்ட் பிளாட்டுல லிப்ட், தண்ணி டேங்கி, கூரை, பெயிண்ட் மாதிரி பெரிய வேலைக்கு 80 சதவீதம் அரசாங்கம் போடும், மீதி 20 அங்க குடியிருக்கிறவங்க போடணும். நம்ம ஆளுங்க பாதி பேருக்கு இது தெரியாது, தெரிஞ்சவங்களும் ஒய்பிகிட்ட (நம்ம தொகுதி மக்கள் பிரதிநிதி) ஒரு சூராட் (கடிதம்) குடுத்தா லிப்ட் வந்துரும்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படி வராது. ஒய்பி சிபாரிசு பண்ணலாம், ஆனா விண்ணப்பம் போட வேண்டியது பிளாட்டோட நிர்வாகம். ஜேஎம்பியோ (கூட்டு நிர்வாக அமைப்பு) எம்சியோ (வீட்டு ஓனருங்களோட நிர்வாகக் கழகம்), அது உயிரோட இருக்கணும், கணக்கு சுத்தமா இருக்கணும். எங்க பிளாட்டுல அங்கதான் சிக்கல்.

சட்டம் என்னன்னு சுருக்கமா சொல்லிடுறேன். 2007-ல ஒரு சட்டம் வந்து ஜேஎம்பி, சிஓபி எல்லாம் உருவாச்சு. சிஓபின்னா கட்டட ஆணையர், உங்க ஊராட்சி மன்றத்துக்குள்ளேயே அவங்க அலுவலகம் இருக்கும். அப்புறம் 2013-ல ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டம், அது தீபகற்பத்துல மத்த இடத்துல 2015 ஜூன் 1-லயும் பினாங்குல மட்டும் ஜூன் 12-லயும் நடப்புக்கு வந்துச்சு. அந்த சட்டப்படி வருஷா வருஷம் ஏஜிஎம் (ஆண்டுக் கூட்டம்) போடணும், ஆடிட் பண்ணின கணக்க கூட்டத்துல வைக்கணும், அதுக்கப்புறம் சிஓபிகிட்ட அனுப்பணும். எங்க பழைய கமிட்டி ஏஜிஎம் போட்டே பல வருஷம் ஆயிருந்துச்சு. திருடிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், பாவம், யாரும் காசு கட்டல, இவங்களும் விட்டுட்டாங்க.

அவங்க, பொறுப்ப எடுத்துக்கிட்ட எங்ககிட்ட ஒப்படைச்சது ரெண்டு பிஸ்கட் டின்னும் ஒரு ரொக்கப் புத்தகமும். டின்னுக்குள்ள ரசீது, பாதி அந்த மெஷின்ல அடிக்கிற வழுவழு காகிதம், எழுத்தெல்லாம் போயி வெள்ளையா இருந்துச்சு, வெளிச்சத்துல சாய்ச்சு பார்த்தா தேதி மட்டும் மங்கலா தெரியும். கரண்ட் பில், லிப்ட் சர்வீஸ், குப்பைக்காரர் சம்பளம், நடுவுல யாரோ கடையில சோறு வாங்கின பில்லு. நானும் பத்தாவது மாடியில இருக்கிற சீன ஆண்ட்டியும் (அவங்க ரிட்டயர் ஆன கிளார்க், கணக்குல புலி) ராத்திரி ராத்திரியா உக்காந்து பேங்க் ஸ்டேட்மெண்ட்டோட ஒண்ணொண்ணா சேர்த்தோம். பொருந்தாதத தனியா ஒரு பட்டியல் போட்டு, மறைக்காம ஆடிட்டர்கிட்ட குடுத்தோம், அவரு ரிப்போர்ட்டுல அத குறிப்பா எழுதிட்டாரு. இத ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, பல பிளாட்டுல விண்ணப்பம் நிக்கிறதே இந்த இடத்துலதான். காசு இல்லாம இல்ல, காகிதம் இல்லாம.

அப்புறம் ஏஜிஎம். கீழ ஹால்ல போட்டோம், தைப்பூசம் முடிஞ்ச வாரமா பார்த்து, அதுக்கு முன்னாடி வச்சா நம்ம ஆளு ஒருத்தரும் வர மாட்டாங்க. பாதி பேரு வரணும்னு சட்டம், ஆனா அரை மணி நேரம் பார்த்துட்டு யாரு வந்திருக்காங்களோ அவங்கள வச்சே நடத்தலாம்னும் சட்டத்துலயே இருக்கு, இல்லன்னா மலேசியாவுல ஒரு பிளாட்டுலயும் ஏஜிஎம் நடக்காது. மெயிண்டனன்ஸ் பாக்கி வச்சிருக்கிறவங்க ஓட்டு போட முடியாது. இத நோட்டீஸ்ல பெரிய எழுத்துல நாலு மொழியிலயும் போட்டோம், போட்டதும் கூட்டத்துக்கு முன்னாடி மட்டும் வசூல் நல்லா ஆச்சு, ஏன்னா கூட்டத்துல சத்தம் போட்டே ஆகணும்னு இருந்தவங்க எல்லாம் பாக்கிய கட்டிட்டு வந்துட்டாங்க.

சத்தம்னா சத்தம். முதல் மாடி அண்ணன் ஒருத்தர் எந்திரிச்சு, "நான் லிப்ட் ஏறுறதே இல்ல, நான் ஏன்டா குடுக்கணும்?"னு கேட்டாரு. சட்டப்படி எந்த மாடியா இருந்தாலும் பங்கு பங்குதான், அத சொன்னா அவருக்கு இன்னும் கோவம்தான் வரும்னு எனக்கு தெரியும். நான் வாய திறக்கறதுக்குள்ள பின்னாடி இருந்து ஒரு அக்கா, "அண்ணே, உங்க வீட்டு வாசல்ல லோங்காங் (சாக்கடை) அடைச்சப்ப மேல் மாடிக்காரன் காசுலதானே சுத்தம் பண்ணுனோம், அப்ப எங்க போச்சு உங்க கணக்கு?"ன்னாங்க பாருங்க, ஹாலே சிரிச்சிருச்சு, அண்ணனும் சிரிச்சுட்டே உக்காந்துட்டாரு. அதுக்கப்புறம் இன்னொருத்தர், 80 குடுக்கிற அரசாங்கம் அந்த 20-யும் குடுத்தா என்ன குறைஞ்சுரும்னு கேட்டாரு. அதுக்கு எங்க யாருகிட்டயும் நல்ல பதில் இல்ல.

எங்க ஏரியா ஊராட்சி மன்ற கவுன்சிலரும் வந்திருந்தாரு, நல்ல மனுஷன், கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாரு. அவர பார்த்து ஒரு வயசான தாத்தா, "தம்பி, உன்ன யாரு தேர்ந்தெடுத்தா?"ன்னு கேட்டுட்டாரு. கிண்டல் இல்ல, நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு. கவுன்சிலர் மாநில அரசாங்கம் நியமிக்கிறதுன்னு விளக்கினாரு. தாத்தாவுக்கு பழசெல்லாம் ஞாபகம் இருக்கு. ஜார்ஜ்டவுன் 1957-ல மாநகரம் ஆனப்ப முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், நம்ம ஆளு, அவரு பேருலதான் பூலாவ் தீக்குஸ் பக்கம் ரோடு இருக்கு. அப்பெல்லாம் ஊராட்சி மன்றத்துக்கு ஓட்டு உண்டு. இந்தோனேசியாவோட கொன்ஃப்ரொந்தாசி (மோதல்) நடந்தப்ப 1965-ல நிறுத்தி வச்சாங்க, நிறுத்தினது நிறுத்தினதுதான். ஆதி நாகப்பன் தலைமையில அரச விசாரணைக் குழு போட்டு, அவங்களும் தேர்தல திரும்ப கொண்டு வரணும்னுதான் சொன்னாங்க, கேக்கல. 1976 ஊராட்சி மன்றச் சட்டம் வந்து மொத்தமா மூடிருச்சு. பினாங்கு மாநிலம் தேர்தல் நடத்த 2012-ல தனியா ஒரு சட்டம் போட்டு பார்த்தது, 2014-ல கூட்டரசு நீதிமன்றம் செல்லாதுன்னுடுச்சு. ஆக அந்த கவுன்சிலர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும், நாளைக்கு அவர மாத்திட்டா நாங்க யாருகிட்ட போயி கேக்குறது? இது என் புலம்பல், லிப்ட்டுக்கு வருவோம்.

ரெண்டு லிப்ட்டுக்கும் சேர்த்து கடைசியா முடிவான விலை 440,000 வெள்ளி. எங்க 20 சதவீதம் 88,000. 240 வீட்டுக்கு பிரிச்சா ஒரு வீட்டுக்கு 367 வெள்ளி கிட்ட. கேக்க பெருசா இல்ல, ஆனா மாசம் 40 வெள்ளி மெயிண்டனன்ஸே கட்டாத வீட்டுல போயி 367 கேட்டுப் பாருங்க. பத்து மாசமா பிரிச்சு மாசம் 37 வெள்ளின்னு வச்சோம். பழைய பாக்கி இருக்கிறவங்களுக்கு அதையும் தவணையா கட்ட விட்டோம்.

சட்டம் என்னவோ பயங்கரமாத்தான் இருக்கு. 14 நாள் நோட்டீஸ் குடுத்தும் கட்டலன்னா 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல மூணு வருஷம் வரைக்கும் சிறை, வீட்டு சாமான ஜப்தி பண்ணவும் சிஓபி மூலமா வாரண்ட் வாங்கலாம். ஈபிஎஃப் (சேமநிதி) காசு தீர்ந்து தனியா இருக்கிற பாட்டிகிட்ட போயி மூணு வருஷம் ஜெயிலுன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது? அத நாங்க ஒரே ஒரு வகை ஆளுங்களுக்கு மட்டும் வச்சுக்கிட்டோம். வெளிய பங்களா மாதிரி வீட்டுல இருந்துக்கிட்டு இங்க வீட்ட வாடகைக்கு விட்டுட்டு, மாசா மாசம் வாடகை வாங்கிட்டு, மெயிண்டனன்ஸ் மட்டும் கட்டாத ஓனருங்க. நோட்டீஸ் கையில கிடைச்ச வாரமே கட்டினாங்க. காசு இல்லாதவங்க கொஞ்சம் கொஞ்சமா கட்டினாங்க, காசு இருக்கிறவங்க நோட்டீஸ் வந்தப்புறம்தான் கட்டினாங்க, இது எல்லா பிளாட்டுலயும் இப்படித்தானாம்.

இன்னொரு விஷயமும் எங்களுக்கு உதவிச்சு, அது பலரு கவனிக்காத ஒரு மாற்றம். முன்னெல்லாம் நில வரி மொத்த கட்டடத்துக்கும் ஒரே பில்லா நிர்வாகத்துக்குத்தான் வரும், கட்டாதவன் பங்கையும் கட்டுறவன் காசுல இருந்து எடுத்து கட்டணும். பினாங்குல 2019-ல இருந்து சுக்காய் பெத்தாக்னு (வீட்டு வாரியா நில வரி) ஒவ்வொரு வீட்டு ஓனருக்கும் தனி பில். அந்த சுமை எங்க தலையில இருந்து இறங்கினதாலதான் மெயிண்டனன்ஸ் காசு மெயிண்டனன்ஸுக்கே நின்னுச்சு. ரோடு போட்டா படம் எடுத்து போடுவாங்க, இந்த மாதிரி வேலைக்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டாங்க, ஆனா எனக்கு கேட்டா இதுதான் உருப்படியான சீர்திருத்தம்.

விண்ணப்பம் போட்ட பிறகு நடந்தத வேகமா சொல்லிடுறேன். அரசாங்க ஆபிஸுங்க இருக்கிற கொம்தார் கட்டடத்துக்கு அலைஞ்சோம், ஆளு வந்து பார்த்தாங்க, படம் எடுத்தாங்க, கொட்டேஷன் கேட்டாங்க, ஒரே ஏஜிஎம் மினிட்ஸ (கூட்டக் குறிப்பு) ஒவ்வொரு கவுண்டர்லயும் புதுசா ஒரு காப்பி கேட்டாங்க, நான் பத்து செட் போட்டோஸ்டேட் எடுத்து பையிலயே வச்சுக்கிட்டேன். கவுண்டர்ல ஒரு புவான் (மலாய் அம்மா), எந்த காகிதம் எந்த வரிசையில இருக்கணும்னு அவங்களே ஒரு துண்டு சீட்டுல எழுதிக் குடுத்தாங்க, அந்த சீட்டு இல்லன்னா இன்னும் இழுத்திருக்கும். அது ஏன் சுவத்துல பெருசா ஒட்டி இருக்கக் கூடாதுன்னுதான் எனக்கு புரியல. லிப்ட் மாட்டி முடிச்சாலும் உடனே ஏற முடியாது, ஜேகேகேபி (தொழில் பாதுகாப்புத் துறை) வந்து பரிசோதிச்சு சர்டிபிகேட் குடுக்கணும், அதுவரைக்கும் புது லிப்ட் பளபளன்னு நிக்குது, ஜனங்க படியில ஏறிக்கிட்டே என்னைய திட்டுறாங்க.

அந்த 20 சதவீதத்த பத்தி இப்ப நான் என்ன நினைக்கிறேன்னா, அது ஏழைங்களுக்கு பாரம்தான், அத இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது இல்லாம முழுசா அரசாங்கமே போட்டிருந்தா எங்க பிளாட்டுல ஏஜிஎம் நடந்திருக்காது, பிஸ்கட் டின் அப்படியே கிடந்திருக்கும், அஞ்சு வருஷத்துல புது லிப்ட்டும் பழைய லிப்ட் மாதிரி ஆயிருக்கும். அதனால 20-அ எடுங்கன்னு கேக்க மாட்டேன். ஆள குடுங்கன்னு கேப்பேன். ஒவ்வொரு ஊராட்சி மன்றமும் சிஓபில கணக்கு தெரிஞ்ச ரெண்டு பேர வச்சு, ஏஜிஎம் நடக்காத பிளாட்டா பார்த்து போயி உக்காந்து கணக்க சரி பண்ணி குடுக்கட்டும். எங்களுக்கு சீன ஆண்ட்டி இருந்தாங்க, எல்லா பிளாட்டுலயும் ரிட்டயர் ஆன கிளார்க் இருப்பாங்களா?

உங்க பிளாட்டுக்கு வேணும்னா ஒய்பி ஆபிஸ்ல ஆரம்பிக்காதீங்க. முதல்ல சிஓபில போயி உங்க எம்சி கடைசியா எப்ப கணக்கு அனுப்பிச்சுன்னு கேளுங்க. போகும்போது ஐசியும் (அடையாள கார்டு) ஸ்ட்ராட்டா கிரான் (வீட்டுப் பட்டா) காப்பியும் எடுத்துட்டு போங்க, ஓனர்தான்னு காட்ட அது வேணும். பேங்க் ஸ்டேட்மெண்ட்ட பழைய கமிட்டிகிட்ட கெஞ்சாம நேரா பேங்க்லயே கேளுங்க, பேங்க்ல கையெழுத்து போடுற ஆள மாத்தின கூட்ட மினிட்ஸ் இருந்தா குடுப்பாங்க. எங்களுக்கு அடுத்தது மேல தண்ணி டேங்கி, விண்ணப்ப ஃபாரம் ஏற்கனவே வாங்கியாச்சு, முதல் மாடி அண்ணன்தான் இப்ப பொருளாளர்.