காந்தலூர் பேரிக்காயும் ஜீப்புக்கு அழுத ஆயிரமும்

உடுமலையில் பஸ் ஏறி, சின்னார் காட்டைத் தாண்டி மறையூரில் இறங்கும்வரை ஒரு குறையும் இல்லை. அங்கேதான் சனி பிடித்தது. கேரள மலைமேல் இருக்கும் காந்தலூருக்கான பஸ் அப்போதுதான் போயிருந்தது. சுமார் 15 கிலோமீட்டருக்கு ஜீப்காரர் 1,200 கேட்டு, 1,000-க்குக் கீழே இறங்கவே இல்லை. அநியாயம். மறையூர் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருங்கள், இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு மிஞ்சும்.

மேலே ஏறியதும் கோபம் போய்விடும். அஞ்சுநாடு என்கிற இந்த மலைக்கிராமங்களின் தமிழ் காதில் விழும், கொல்லைக்குக் கொல்லை பேரி மரம் நிற்கும்.

இந்த மரத்துக்குக் குளிர் வேண்டும். இலை உதிர்த்து உறங்கி எழுந்தால்தான் பூக்கும். அதைக் கெடுப்பது காற்று. மேடான, திறந்த கொல்லையில் பூ உதிரும், தேனீயும் பறக்காது. பேரிப் பூவின் தேனில் இனிப்பு கம்மி என்பதால் தேனீக்கு ஏற்கெனவே அதன்மேல் அவ்வளவு ஆசை கிடையாது. காற்றடிக்கிற பக்கம் சில்வர் ஓக் வரிசை வையுங்கள். மதில் வேண்டாம்: அதன்மேல் ஏறித் தாண்டும் காற்று மறுபக்கம் சுழன்றடிக்கும். பாதிக் காற்றை உள்ளே விடும் வேலிதான் நல்லது. இங்கிலாந்தின் வடக்கே தெற்கு பார்த்த சுவரோடு ஒட்டிப் பேரி வளர்ப்பது வேறு கணக்கு. அங்கே பகலில் சுவர் வாங்கிய சூடு இரவில் பூவைப் பனியிலிருந்து காக்கிறது.

பள்ளத்திலும் நடாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கி அங்கே தேங்கும். விரிந்த பூ மைனஸ் 2 டிகிரியில் கருகிவிடும்.

2 அடிக் குழி, 15 அடி இடைவெளி. ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். புதைந்தால் மேல்கிளை தானே வேர்விட்டுக் காடாக வளரும். அடிமரத்தைச் சுற்றி 3 அடிக்குப் புல் கூடாது. பக்கத்தில் அதே சமயம் பூக்கும் வேறு ரகம் ஒன்று அவசியம். ஒற்றை மரம் பெரும்பாலும் பூத்துக் கொட்டிவிடும்.

மொட்டு வைக்காமல் வானம் பார்த்து வளரும் கிளையை வெட்டாதீர்கள். வெட்டினால் இன்னும் நாலு கிளை நிமிரும். கயிற்றில் கல் கட்டிச் சாய்த்துவிடுங்கள், சாய்ந்த கிளையில்தான் குட்டைக் காய்முளை வரும். அதைக் கவாத்தில் சீவிவிட்டால் காயும் போச்சு.

மரத்திலேயே பழுக்க விட்டால் உள்ளே பழுப்பேறிக் கூழாகும். காயைக் கையில் ஏந்திப் படுக்கைவாக்கில் தூக்கும்போது காம்பு தானே கழன்றால் பறிக்கலாம். கீஃபர் ரகம் பறித்த அன்று மணலைக் கடிப்பதுபோல் இருக்கும். பேப்பரில் சுற்றி இரண்டு மூன்று வாரம் வைத்தால் சாறு வழியும். பொறுமை இல்லாதவர்களுக்கு உப்பு, மிளகாய்த்தூள்.

வழியோரம் ஒருவர் 250 ரூபாய்க்குக் கன்று நீட்டி, "திருப்பூர்லயும் காய்க்கும் சார்" என்றார். காய்க்காது. அந்தக் காசுக்கு மலைப்பூண்டு வாங்குங்கள்.