பெபேர் சொன்ன ஐந்து பெயர்கள்: மூன்று மாதத் தேடல்

என் கணவர் கனடாவின் நியூ பிரன்சுவிக்கைச் சேர்ந்த அக்காடியர்; அதாவது, அந்தப் பக்கம் முன்பு குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர். தாத்தா அவருக்கு 'பெபேர்', பாட்டி 'மெமேர்'. சின்ன வயதில் கோடை விடுமுறை முழுக்க மெம்ராம்குக்கில் அவர்கள் வீட்டில்தான். அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டுப் போன குளிர்காலத்தில் வம்சாவளியைத் தேட உட்கார்ந்தேன். அவருக்கு இதில் பொறுமை கிடையாது, கிறுக்கு எனக்குத்தான்.

முதல் மாதம் வீண். தாத்தாவின் குடும்பப் பெயர் லெபிளாங். அந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஒரு லெபிளாங் மேல்தான் விழும். ஒரே பெயருள்ள இருவரில் தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறை மேலே போய்விட்டேன். கல்யாணப் பதிவேட்டில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வேறு பிறந்தகப் பெயர் இருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. எல்லாவற்றையும் அழித்தேன்.

அப்புறம் ஒருநாள் இவர் பேச்சுவாக்கில் சொன்னார்: பெபேர் முழங்காலில் உட்காரவைத்து ஆட்டும்போது ஐந்து பெயர்களை ராகமாகச் சொல்வாராம். நடுநடுவே 'ஆ', 'ஆ' என்று வரும். குழந்தைப் பாட்டு என்றே இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார். உண்மையில் அது வம்ச வரிசை: 'பியேர் ஆ ஜாக்' என்றால் ஜாக்கின் பிள்ளை பியேர். ஊரெல்லாம் ஒரே குடும்பப் பெயர் என்றால் ஆளை வேறு எப்படி அடையாளம் சொல்வது? குடும்பப் பெயரே இல்லாத நாமும் அப்பா பெயரைத்தானே இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம்!

பதிவேடுகளில் நான்கு பெயர்கள் கச்சிதமாகப் பொருந்தின. ஐந்தாவதை ஆண்கள் வரிசையில் ஒரு வாரம் தேடியும் கிடைக்கவில்லை. அது இளவயதில் கணவனை இழந்து பிள்ளைகளை வளர்த்த ஒரு பாட்டியின் பெயர்.

அதற்கு மேலே போனால் 1755 குறுக்கே நிற்கிறது. பிரிட்டிஷ் மன்னருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த அக்காடியர்களை அந்த வருடம் நாடுகடத்தத் தொடங்கினார்கள். செப்டம்பர் 5 அன்று, இன்றைய நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் கிராண்ட் பிரே என்ற அக்காடியர் ஊரின் தேவாலயத்துக்குள் ஆண்களையும் பையன்களையும் வரவழைத்து உத்தரவை வாசித்தார்கள். நிலமும் மாடுகளும் பறிபோயின. கப்பலேறியவர்கள் அந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டைக் கையோடு எடுத்துப் போனதால் அது இன்று லூசியானாவில் இருக்கிறது. இன்னொரு அக்காடியர் ஊரான போர்ட் ராயலின் 1702 முதல் 1755 வரையிலான பதிவேட்டை நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். பாதிரியாரின் கையெழுத்தோடு மல்லுக்கட்ட, எனக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு சாயங்காலம் ஆகிறது.

அலுப்புத் தட்டினால் அக்காடியர்களின் 1671 குடிக்கணக்கைத் திறந்துகொள்வேன். பீப்பாய் செய்யும் பியேர் லனூ, தான் நன்றாக இருப்பதாகவும் வயதைச் சொல்ல விருப்பமில்லை என்றும் சொல்லியனுப்பிவிட்டார். பெபேரும் இதே ரகம்தான் என்று இவர் சிரித்தார்.

போன ஞாயிறு மெமேர் செய்யும் 'பூட்டின் ராப்பே' செய்து பார்த்தேன். துருவிய உருளைக்கிழங்கைத் துணியில் கட்டிப் பிழிந்து, மசித்த கிழங்கோடு பிசைந்து, நடுவில் உப்பிட்ட பன்றிக்கறி வைத்து உருட்டி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேகவைக்க வேண்டும். நான் சரியாகப் பிழியவில்லை. எட்டு உருண்டையில் ஆறு கரைந்து கஞ்சியானது. பிழைத்த இரண்டும் சாம்பல் நிறத்தில், பார்க்கச் சகிக்காமல் இருந்தன. இவர் மேலே பழுப்புச் சர்க்கரையைத் தூவி, ஒன்றுகூட எனக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.