பதினொரு பேர் வகுப்பில் 91 சதவீதம்

என் கணவர் மருத்துவர். பயிற்சிக்காக ஜே-1 விசாவில் வந்து, படிப்பு முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கு வாங்கும் மருத்துவர்கள் டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அப்படித்தான் மேற்கு நெப்ராஸ்காவின் இந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தோம். இங்கே இருப்பது ஒரே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மொத்தம் 41 பிள்ளைகள்.

வீடு தேடும்போது எல்லாரும் பார்ப்பதுபோல நாங்களும் பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் இணையதளங்களைப் பார்த்தோம். இந்தப் பள்ளிக்கு மதிப்பெண்ணே இல்லை. மாநிலக் கல்வித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையைத் திறந்தால் பாதிக் கட்டங்களில் நட்சத்திரக் குறி. பத்துப் பேருக்குக் குறைவான எந்தப் பிரிவின் மதிப்பெண்ணையும் வெளியே காட்டமாட்டார்கள். 1974-ஆம் ஆண்டின் மாணவர் தனியுரிமைச் சட்டம் அதற்குக் காரணம். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அதனால் பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து மறைக்கிறார்கள். பதினோராம் வகுப்பில் ஒன்பது பேர்தான். கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும் ஏ.சி.டி. தேர்வை மாநிலம் முழுக்கப் பதினோராம் வகுப்பில் எழுதுகிறார்கள். எங்கள் ஊருக்கு அந்த வரியே நட்சத்திரம்.

ஆனால் தலைக்கணக்கு மறைக்கப்படுவதில்லை. வெள்ளையர் 33, லத்தீன் அமெரிக்க வழிவந்த ஹிஸ்பானிக் 7, ஆசியர் 1. அந்த ஒன்று என் மகள். மதிப்பெண்ணைப் பூட்டி வைத்துக்கொண்டு ஆளைக் கைகாட்டும் இந்தக் கண்ணியம் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அவள் கணக்கில் எத்தனை வாங்கினாள் என்று மளிகைக் கடையில் நிற்கும் பாட்டிக்கு எப்படியும் தெரியும். பேத்தி பக்கத்து மேசையில் உட்காருகிறவள்.

போன ஆண்டு உயர்நிலைப் பள்ளியை முடித்துப் பட்டம் பெற்றவர்கள் 12-க்கு 12, அதாவது நூறு சதவீதம். இந்த ஆண்டு 11-க்கு 10, 91 சதவீதம். வட்டார வார இதழில் 'தேர்ச்சி விகிதம் ஒன்பது புள்ளி சரிவு' என்று தலைப்பு. நடந்தது என்ன? ஒரு பையன் நடுவில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் மாட்டுப் பண்ணையில் வேலைக்குப் போனான். பிறகு உயர்நிலைப் பள்ளிக்குச் சமமான ஜி.இ.டி. தேர்வை எழுதித் தேறிவிட்டான். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டில் பட்டம் பெற்றார்கள் என்று பார்க்கும் இந்தக் கணக்கில் ஜி.இ.டி. பட்டமாகச் சேராது, ஆகவே அவன் தோற்றவர்கள் பக்கம். அதே பையனின் குடும்பம் வயோமிங்குக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள பள்ளி அவனைச் சேர்த்துக்கொண்டதற்குக் கடிதம் வந்திருந்தால், வகுத்தலின் கீழ் எண்ணிலிருந்தே அவன் பெயர் நீங்கியிருக்கும். பத்துக்குப் பத்து, மறுபடியும் நூறு. பள்ளி அன்றைக்கும் இன்றைக்கும் அதே பள்ளிதான். 'சரிவு' என்று எழுதிய நிருபருக்கும் அந்தப் பையனைத் தெரியும் என்பதுதான் எரிச்சல்.

2015-ஆம் ஆண்டின் கூட்டரசுக் கல்விச் சட்டமே இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பட்டம் பெறாமல் போனால் அந்த உயர்நிலைப் பள்ளியைச் சீரமைப்புப் பட்டியலில் வைக்க வேண்டும் என்கிறது. எங்கள் கணக்கில் அது நாலே நாலு பிள்ளைகள். நூறு பேருக்குக் குறைவான பள்ளிகளுக்கு விலக்கு அளிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது.

சின்ன எண்ணிக்கையில் சராசரி ஆடும். அதனால் எந்த மாநிலத் தரவரிசையிலும் உச்சியில் சின்னப் பள்ளிகள் நிறைய இருக்கும்; அடியிலும் நிறைய இருக்கும். உச்சியை மட்டும் பார்த்தவர்களுக்குச் சிறிய பள்ளியே சிறந்த பள்ளி என்று தோன்றியதில் வியப்பில்லை. கேட்ஸ் அறக்கட்டளை உயர்நிலைப் பள்ளிகளுக்கு 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அதில் கணிசமான பகுதி பள்ளிகளைச் சிறிதாக்கும் திட்டங்களுக்கு. அவற்றில் பலவற்றில் படிப்பு சொல்லும்படி உயரவில்லை என்று 2009-இல் பில் கேட்ஸே எழுதினார்.

வறுமைக் கணக்கு இன்னும் குழப்பம். குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 185 சதவீதத்துக்குள் இருந்தால் மதிய உணவு இலவசமாகவோ சலுகை விலையிலோ கிடைக்கும். அந்த எண்ணிக்கையைத்தான் ஏழை மாணவர்களின் அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே படிவத்தை வாங்கி வைப்பவர் பள்ளி அலுவலகத்தில் இருக்கும் ஒரே அம்மா. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருபவரும் அவர்தான். இரண்டு ஆண்டுகளாக மழை பொய்த்துக் கடனில் நிற்கும் பண்ணைக்காரர் அவரிடம் போய் வருமானத்தை எழுதிக் கொடுப்பாரா? மாடுகளைக் கொழுக்க வைக்கும் பண்ணைகளில் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் தயங்காமல் கொடுத்துவிடுகின்றன. விளைவு, அறிக்கையைப் படிக்கும் வெளியூர்க்காரருக்கு ஹிஸ்பானிக் பிள்ளைகள் மட்டுமே ஏழைகள்.

அண்மையில் இன்னொரு தமிழ் மருத்துவர் குடும்பம் இங்கே வரலாமா என்று யோசித்து, "அக்கா, ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு?" என்று கேட்டது. பள்ளிக்குத் தொலைபேசியில் பேசி, எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வகுப்பறையில் நிற்கிறார், எவை திரையில் நடக்கின்றன என்று கேளுங்கள் என்றேன். வேதியியலுக்கு ஆள் இருக்கிறார். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரும் அவரே. (ஆறு பேர் ஆடும் கால்பந்துதான். பதினொரு பையன்கள் தேறாத பள்ளிகளுக்காக 1934-இல் இதே நெப்ராஸ்காவில் உருவாக்கியது.) இயற்பியல் இன்னொரு மாவட்டத்து ஆசிரியர் காணொளியில் நடத்துவது. அந்தப் பள்ளியின் மணியும் எங்கள் மணியும் பொருந்தாததால் என் மகளுக்கு வாத்தியக் குழுப் பயிற்சியில் கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் முறையிட்டதும் முதல்வர் இயற்பியல் படிக்கும் ஐந்து பிள்ளைகளுக்காக மொத்தப் பள்ளியின் மணியையும் நகர்த்திவிட்டார். எந்தக் கட்டத்திலும் ஏறாத விஷயம் இது.

அடுத்த ஆண்டு கால்குலஸுக்கு மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நடத்த ஆள் கிடைப்பாரா என்பது ஜூலையில்தான் தெரியும்.