அரை மணி நேரப் பெஞ்ச்

2024 ஜூன் 15, சனி

ஒரு வாரமாகப் பையனுக்குத் தும்மலுக்குக் கொடுக்கிற செட்ரிசின் மாத்திரையை நிறுத்தியிருந்தோம். மாத்திரை உடம்பில் இருந்தால் அலர்ஜி டெஸ்டில் ஒன்றும் தெரியாதாம். ஏழு நாளும் விடியக்காலம் ஐந்து மணிக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். இருபதுக்கு மேல் எண்ண மனசு வரவில்லை.

ஈரோட்டில் முன்னங்கையில் பேனாவால் கோடு போட்டு, சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து, ஒவ்வொரு சொட்டிலும் ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒப்பிட்டுப் பார்க்க உப்புத்தண்ணீர் வைத்த இடம் சும்மா இருக்கிறது. பார்த்தீனியமும் சும்மா, பஞ்சுத் தூசியும் சும்மா. டஸ்ட் மைட் வைத்த இடம் மட்டும் புடைத்துச் சிவந்து, ஸ்கேல் வைத்தால் 9 மில்லிமீட்டர். 3 இருந்தாலே கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாம்.

சென்னிமலையில் தறிச் சத்தம் கேட்காத வீதி இல்லை. இத்தனை வருசமும் நான் தறிப் பஞ்சைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16

டஸ்ட் மைட் என்றால், உதிர்கிற நம் தோலைத் தின்று மெத்தைக்குள் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அதன் கழிவுதான் பையன் மூக்கைப் படுத்துகிறது. என் கல்யாணச் சீரில் அம்மா தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையை இன்று வெளியேற்றினோம்.

“வாரம் தவறாம வெயில்ல போட்டுத் தட்டச் சொன்னனே கண்ணு” என்று போனில் அம்மாவுக்கு ஒரே வெசனம். தட்டினேன்தான். பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தட்டினேன். அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இனிமேல் கோரைப்பாய். போர்வையை வாரம் ஒருமுறை, சுடுதண்ணியை விளாவாமல் ஊற்றித் துவைக்க வேண்டும்.

ஜூலை 6

அலர்ஜிக்கு முதல் ஊசி. “எது ஆகலையோ அதையே குத்தறதாங்க?” என்று இவர் கேட்டே விட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: 1911இல் லண்டனில் லியோனார்டு நூன் புல்லின் மகரந்தத்தை இப்படித்தான் துளித் துளியாகக் குத்திப் பார்த்தாராம். அந்தப் பூச்சியின் சாறுதான் மருந்து. மிகவும் நீர்த்த அளவில் ஆரம்பித்து வாராவாரம் ஏற்றிக்கொண்டே போனால், உடம்பு அதைப் பகையாக நினைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சில மாதத்தில் முழு அளவு வந்ததும் மாதம் ஒன்று. மொத்தம் மூன்றிலிருந்து ஐந்து வருசம். நடுவில் விட்டால் பலன் நிலைக்காது.

குத்துவதற்கு முன்னால் ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சைப் பார்த்தார்கள். இளைப்பு இருந்தால் அன்று ஊசி கிடையாது. குத்திய பிறகு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும்.

ஆகஸ்ட் 17

கை நடுக்கம் இப்போதுதான் நின்றது.

ஏழாவது ஊசி. பதினெட்டாவது நிமிசம், பெஞ்ச் விளிம்பில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். “என்ன சாமி?” என்றேன். “அரிக்குதும்மா.” தொண்டையைச் செருமினான், இன்னொரு தரம் செருமினான். சட்டையைத் தூக்கினால் வயிறெல்லாம் தடிப்பு. நான் கூப்பிட்டு முடிப்பதற்குள் நர்ஸ் வந்து, தொடையின் வெளிப்பக்கம் அட்ரினலின் போட்டுப் படுக்க வைத்துவிட்டார். பத்து நிமிசத்தில் செருமல் நின்றது, தடிப்பும் அமுங்கியது. சாயங்காலம் வரை அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

போன வாரம்தான் ஒரு சொந்தக்காரர், “எதுக்குங்க ஈரோட்டுக்கு அலையறீங்க, மருந்தை வாங்கியாந்து நம்மூரு மெடிக்கல்லயே போட்டுக்கலாமுங்களே” என்றார். பஸ் ஏறி அலுத்துப்போன எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அப்படிச் செய்திருந்தால் பதினெட்டாவது நிமிசம் நாங்கள் வண்டியில் வந்துகொண்டிருப்போம். இந்த ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்தப் பெஞ்சை விட்டு எழுந்துவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 24

நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். அளவைக் குறைத்துத் தொடரலாம் என்றார் டாக்டர். பையன் தானாகவே கையை நீட்டினான். அரை மணியும் அவன் உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை.

2025 பிப்ரவரி 10

போன மாதம்தான் முழு அளவு வந்தது. நாளைக்குத் தைப்பூசம். நோம்பிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறோம். ராத்திரி பவானி ஜமுக்காளத்தை விரித்து எல்லோரும் படுத்தோம். பையனுக்கு மட்டும் அவன் பாயும் போர்வையும் கொண்டுவந்திருந்தேன்.

விடியக்காலம் முழித்தால், அம்மா இருட்டில் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். கை விரல் நாலு மடங்கியிருக்கிறது.

“நாலேதான் தும்முனான் கண்ணு. மறுபடி தூங்கீட்டான்.”

அடுத்த ஊசி மார்ச் 8.