பச்சோந்திக்குக் கட்டின கூண்டில கறிவேப்பிலைப் புழு

கீழ விழுந்த கூட்டுப்புழு ஒன்றைப் பேப்பர் கூம்புக்குள்ள நிறுத்தி வைச்சிருந்தன். நேற்று விடியக்காலமை அது வெடிச்சு, செட்டை சுருங்காமல் வண்ணாத்திப்பூச்சி வெளியில வந்திட்டுது. இந்தப் பெருமையை எங்கயாவது எழுதாமல் இருக்க ஏலாது.

கூண்டு கட்டினது உண்மையில பச்சோந்திக்கு. 2 அடிக்கு 2 அடி, உயரம் 4 அடி, புறக்கோட்டையில வெட்டுவிச்ச அலுமினியச் சட்டம். வெள்ளவத்தை பிளாட் பல்கனியில இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. கட்டி முடிச்ச பிறகுதான் விசாரிச்சன். எங்கட நாட்டுப் பச்சோந்தி வறண்ட வலயத்துச் சீவன். பிடிச்சு வளர்க்கச் சட்டம் விடாது. வெளிநாட்டுச் சாதி எடுத்துத் தாறன் எண்டார் ஒரு கடைக்காரர். அனுமதிப் பேப்பர் கேட்டன். "அதெல்லாம் என்னத்துக்குத் தம்பி?" எண்டார். திரும்பி வந்திட்டன்.

காகம் கொத்துது எண்டு அம்மா கறிவேப்பிலைச் சாடியை அந்தக் கூண்டுக்குள்ள தூக்கி வைச்சா. இலையில ஏற்கெனவே வண்ணாத்திப்பூச்சி முட்டை இருந்திருக்கு. பிறகு நடந்ததுதான் இது.

பச்சோந்தி இருக்கிற இடத்துக்கு ஏற்ற மாதிரி நிறம் மாறுது எண்டது பாதிக் கதை. கோபம், பயம், வெயில், இதுக்குத்தான் கூட மாறும். இந்தப் புழு இடம் பார்த்து நிறம் எடுக்குது, ஆனால் வாழ்க்கையில ஒரே ஒரு தரம், கூட்டுப்புழுவாக மாறேக்க. இதுவரை 11 கூட்டுப்புழு பார்த்திட்டன். கறிவேப்பிலைத் தண்டில தொங்கின 6ம் பச்சை. கூண்டு வலையில 4, மர உடுப்புக் கிளிப்பில 1, அந்த ஐந்தும் கபிலம்.

வலையில தொங்கினதாலதான் கரைச்சல். தூசு தட்டப் போய் இரண்டின்ர இடுப்பு நூல், அதுதான் கூட்டுப்புழுவைத் தாங்கிப் பிடிக்கிற பட்டு நூல், அறுந்து விழுந்திட்டுது. நூலால கட்டிப் பார்த்தன், இறுகிப்போகும் எண்டு பயத்தில அவிழ்த்திட்டன். பிறகு காலிமுகத்திடலில கடலை சுத்தித் தாற மாதிரிக் கூம்பு செய்து, வால் கீழ, தலை மேல எண்டு இறக்கி, வலையோட கிளிப் போட்டன். முதல் கூம்பு கலண்டர் தாளில. பளபளப்பு! பூச்சி வெளியில வந்து ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்து, செட்டை அப்பிடியே மடிஞ்சு காய்ஞ்சு போச்சு. அரை நாள் எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல. அடுத்ததுக்கு சீமெந்துப் பைத் தாள். சொரசொரப்பு, கால் பிடிக்குது. கூம்பின்ர வாய் கூட்டுப்புழுவின்ர தலையை விட ஒரு விரலளவு மேல இருந்தால் போதும், அதுக்கு மேல விட்டால் ஏறிக் களைச்சுப் போகும்.

பச்சோந்திக்கு எண்டு எடுத்த வலையின்ர கண் பெரிசு. பச்சைக் கூட்டுப்புழு ஒன்றில ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்து, வண்ணாத்திக்குப் பதிலாகக் கொசு அளவு குளவி ஒரு கூட்டமே வந்தது. இப்ப உள்பக்கம் முழுக்க நுளம்பு வலை தைச்சிருக்கிறன்.

கன்று வாங்கிறவை கவனம். தெருவோரம் வாங்கின கன்றில மருந்து அடிச்சிருந்தது, விட்ட மூன்று புழுவும் இரண்டு நாளில கறுத்துப் போச்சு. இப்ப மாமி வீட்டு மரத்தடியில வாற வேர்க்கன்றுதான். அடுத்து புழுவுக்கு ஒரு தேசிக்காய்க் கன்று. ஆடுதீண்டாப்பாளையும் தேடுறன்: அந்தக் கொடியைத் தின்னுற நச்சுப் பூச்சியின்ர வேஷத்தைத்தான் எங்கட கறிவேப்பிலை வண்ணாத்திகளில பெண் பூச்சிகள் கன பேர் போடுகினம், இரண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்க்க ஆசை. அம்மாவுக்கு இதில ஒன்றும் விருப்பமில்லை, சம்பலுக்குத் தாளிக்க இலை இல்லை எண்டு ஒரு கிழமையாப் பேச்சு.

வலைக்குப் போகாமல் மறிக்க இந்த முறை காய்ஞ்ச ஈர்க்குக் கட்டு ஒன்று தண்டோட சேர்த்துக் கட்டியிருக்கிறன், அதிலயும் கபிலம் வருதோ எண்டு பார்க்க. இப்ப 12ஆவது புழு, கூட்டுப்புழுவாக முதல் செய்யிற மாதிரி, வயிறு கழிச்சுப்போட்டு இடம் தேடி நடக்கத் தொடங்கியிருக்கு. ஈர்க்கு வரைக்கும் வந்து தலையை ஆட்டிச்சுது. திரும்பவும் கூரை வலைக்கே ஏறுது.