42 ஸ்லைடு, 9 மாதம்

ஒருவழியாகப் போட்டாச்சு. ஆய்வுக் கோப்புகளைப் பொதுவில் பகிரும் ஜெனோடோ தளத்தில், டிஓஐ எண்ணோடு (கோப்புக்கான நிரந்தர அடையாள எண்), யார் வேண்டுமானாலும் இறக்கித் திருத்திக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு, மாணவர்களுக்குத் தகவலைத் தேடவும் சரிபார்க்கவும் சொல்லிக்கொடுக்கும் 42 ஸ்லைடும் சில பயிற்சித் தாள்களும் இருக்கின்றன. 2024 ஜூனில் "ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்" என்று ஆரம்பித்த வேலை, 2025 மார்ச்சில்தான் முடிந்தது. இதே வேலையில் இறங்கப்போகிற கல்லூரி நூலகர்களுக்காக எழுதிவைக்கிறேன். கொஞ்சம் எரிச்சலும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடம் ஒன்றும் புதிதில்லை. ஓபாக்கில் (நூலகத்தின் கணினிப் பட்டியல்) தேடுவது, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆய்வேடு எடுப்பது, வாட்ஸப் செய்தியைச் சரிபார்ப்பது, பணம் பிடுங்கும் போலி ஆய்விதழைக் கண்டுபிடிப்பது. நம் எல்லோரிடமும் ஆளுக்கொரு ஸ்லைடுக் கட்டு இருக்கிறது, உள்ளே இருப்பது ஒரே சரக்கு. ஒவ்வொரு ஜூனிலும் அவரவர் தனியாக உட்கார்ந்து மாவாட்டுவானேன் என்றுதான் இறங்கினேன்.

முதல் முட்டுக்கட்டை ஆபீஸில். வேலையின் பகுதியாகச் செய்த ஆக்கத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வேலை கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. என் ஸ்லைடுக்கு நானே உரிமம் போட்டுவிட்டு நாளை வம்பில் மாட்ட வேண்டாமே என்று முதல்வருக்கு விண்ணப்பம் எழுதினேன். பொருள்: 'தகவல் எழுத்தறிவுப் பாடப்பொருள்களைப் பொதுவில் வெளியிட அனுமதி வேண்டுதல்.'

தகவலைத் தேடிச் சரிபார்த்துப் பயன்படுத்தும் திறனுக்கு எங்கள் துறையில் 'தகவல் எழுத்தறிவு' என்று பெயர். அந்த 'எழுத்தறிவு' என்ற சொல்தான் வினையானது. இரண்டு வாரம் பதிலில்லை. ஃபைலைத் தேடிப்போனால், அது என்எஸ்எஸ் அலுவலர் மேசையில், விளையாட்டு விழா அழைப்பிதழுக்கு அடியில் கிடந்தது. சூப்பிரண்டைக் கேட்டேன். "அறிவொளி இயக்கம் மாதிரி கிராமத்துல போய் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கறதுதானே சார்? அது என்எஸ்எஸ் வேலையாச்சே" என்றார். கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. தலைப்பை 'நூலகப் பயன்பாட்டுப் பயிற்சி' என்று மாற்றி மறுபடி கொடுத்தேன். அடுத்த கேள்வி முதல்வரிடமிருந்து: "சும்மா குடுத்தா காலேஜுக்கு என்ன லாபம்?" திறந்த கல்வி வளம், பொதுநன்மை என்று அரைமணி நேரம் பேசிப் பார்த்தேன், அவர் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில், கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு போடும் நாக் அமைப்பை நினைத்து, "நாக் கமிட்டி வந்தா இ-கன்டென்ட் கணக்குல காட்டலாம் சார்" என்றேன். அன்று மாலையே கையெழுத்து. நீங்கள் முதல் வரியிலேயே இதை எழுதிவிடுங்கள்.

அடுத்தது முழுக்க என் முட்டாள்தனம். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் 11 பக்கக் கையேடு அருமையாக இருந்தது. எப்படியெல்லாம் பகிரலாம் என்று ஆக்கியவரே முன்கூட்டிச் சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் முத்திரை கண்ணில் பட்டதும், எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவுகட்டி, பூஜை விடுமுறை முழுக்க உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். கடைசிப் பக்கத்தைத் தட்டும்போதுதான் முத்திரையை உற்றுப் பார்த்தேன். வட்டத்துக்குள் சமக்குறி. அதாவது என்டி: அப்படியே பகிரலாம், மாற்றியதைப் பகிரக்கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். ஐந்து நாள் உழைப்பு மேசை இழுப்பறைக்குள் போனது.

போனால் போகிறது என்று அந்த நூலகத்துக்கே ஒரு மின்னஞ்சல் தட்டினேன். மூன்றாம் நாள் பதில்: தாராளமாக மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள், ஒரு படி எங்களுக்கும் அனுப்புங்கள். துள்ளிக் குதித்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. மொழிபெயர்க்க அனுமதி கேட்டேனே தவிர, மற்றவர்கள் மேலும் திருத்திக்கொள்ளும்படி வெளியிடலாமா என்று கேட்கவே இல்லை. மறுபடி அசடு வழிய ஒரு கடிதம். அதற்கும் சரி என்றார்கள், நல்லவர்கள். நீங்கள் இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

தழுவினால் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்கிற எஸ்ஏ முத்திரை வேறு ரகத் தலைவலி. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்கள் சங்கம் 2016இல் ஏற்ற தகவல் எழுத்தறிவுச் சட்டகத்தைத் தழுவி ஒரு தாள் செய்திருந்தேன். அதன் உரிமம், வணிகத்துக்குக் கூடாது, தழுவினால் இதே உரிமம்தான் என்கிறது. அதில் சேர்த்திருந்த விக்கிமீடியா வரைபடத்தின் உரிமமோ வணிகத்தைத் தடுக்காது, ஆனால் அதுவும் 'இதே உரிமம்தான்' என்கிறது. இரண்டையும் குழைத்து ஒரே ஆக்கமாக்க வழியில்லை. நானே பென்சிலால் ஒரு படம் வரைந்து ஸ்கேன் செய்தேன், கோணல்தான். தாளையும் தனிக் கோப்பாக, அதற்குரிய உரிமத்தோடு பிரித்துப் போட்டேன். எதையாவது எடுக்கும்போதே, எங்கிருந்து, என்ன உரிமம் என்று ஸ்லைடின் குறிப்புப் பகுதியில் எழுதிவையுங்கள். 2015இல் எங்கிருந்தோ எடுத்த ஒரு கார்ட்டூனின் மூலத்தை இரண்டு நாள் தேடிக் கிடைக்காமல் தூக்கி எறிந்தேன்.

பழைய ஸ்லைடுகள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. என் கணினியில் கண்ணாடி போல் தெரிந்தது, நண்பர் திறந்தபோது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தது. மொத்தமாக, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றினேன். தமிழ் சரியாகிவிட்டது, ஆனால் இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்களும் இணைய முகவரிகளும் அர்த்தமில்லாத தமிழாகிவிட்டன. 42 ஸ்லைடையும் வரிவரியாகத் திருத்த ஒரு டிசம்பர் போனது.

ஜெனோடோவில் கணக்குத் திறந்து ஏற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை. 2025 ஜனவரியில் வெளியிட்டேன். பிப்ரவரியில் யுஜிசி தன் கேர் பட்டியலை (தரமான ஆய்விதழ்களின் பட்டியல்) கைவிட்டது. "ஆய்விதழ் கேர் பட்டியலில் உள்ளதா எனப் பார்க்கவும்" என்று சொல்லும் நான்கு ஸ்லைடுகள் ஒரே நாளில் காலாவதி. வெளியிட்ட பிறகு அங்கே கோப்பை மட்டும் மாற்ற முடியாது. புதிய பதிப்புதான், அதற்குப் புதிய டிஓஐ. எப்போதும் கடைசிப் பதிப்புக்குப் போகும் பொது டிஓஐ ஒன்றும் உண்டு, அது எனக்குத் தெரியாது. முதல் பதிப்பின் எண்ணை 200 புக்மார்க்கில் அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.

இதற்கிடையில் வேறு கல்லூரியிலிருந்து ஒரு மேடம் ஃபோன் செய்தார். "பிடிஎஃப்பா குடுத்திருக்கீங்களே சார், உங்க ஓபாக் படத்தை எடுத்துட்டு எங்களோடதை எப்படி வைக்கிறது?" நியாயம்தானே. திருத்திக்கொள்ளலாம் என்று உரிமம் கொடுத்துவிட்டுத் திருத்த முடியாத கோப்பைக் கொடுத்திருக்கிறேன். மார்ச்சில் போட்ட இரண்டாம் பதிப்பில் மூலக் கோப்பையும் சேர்த்தேன்.

போன வாரம் அந்த மேடம் தன் கல்லூரிக்கு ஏற்றபடி மாற்றிய கட்டை எனக்கு அனுப்பினார். ஆசையாகத் திறந்தால், அவர் புதிதாகச் சேர்த்த ஆறு ஸ்லைடும் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக நிற்கின்றன. பாமினி. ஃபோன் போட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வாட்ஸப் பயிற்சி என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன், மூன்றாம் பதிப்பில் அவர் பெயரோடு வரும்.