புலிக்குப் பின்னால் ராஜா

சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், துணி விரித்துப் பழைய காசு விற்பவரிடம் ஒரு பையன் ஒரு ரூபாய்க் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஒரு பக்கம் புலி, 1947. மறுபக்கம் ஆறாம் ஜார்ஜ்.

"தாத்தா, சுதந்திரம் வந்த வருசம்தானே? ஏன் வெள்ளைக்காரன் தலை?"

"அப்புறமா மாத்துனாங்க கண்ணு."

தாத்தா சொன்னது சரிதான். 1950 ஜனவரி 26 வரை ஜார்ஜ்தான் நமக்கும் மன்னர். அவருடைய பிரதிநிதியாகக் கடைசியில் இருந்தது, ஒரு காலத்தில் இதே சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி!

ஸ்காட்லாந்து ஞாபகம் வந்தது. 2014 வாக்கெடுப்பில் பிரிட்டனிலிருந்து பிரிவினை கேட்டவர்களே, பிரிந்தாலும் ராணி இருக்கட்டும் என்றார்கள். பிரிவினை தோற்றது, அது வேறு கதை.

அவர்கள் கணக்கு வேறு. 1603-இல் ஸ்காட்லாந்து அரசர்தான் இங்கிலாந்துக்கும் அரசரானார். நாடாளுமன்றங்கள் இணைந்தது 1707-இல். அவர்களுக்குப் பிரச்சினை கிரீடம் இல்லை, லண்டன் நாடாளுமன்றம்.

ராணி இருக்கட்டும் என்றதில், தயங்குகிறவர்களின் ஓட்டைப் பிடிக்கும் தந்திரமும் உண்டு என்பது என் சந்தேகம்.

முதலில் பிரியட்டும், ராஜாவை அப்புறம் பார்க்கலாம் என்பதில் தப்பில்லை. ஆனால் அந்த 'அப்புறம்' லேசில் வராது. கரீபியன் தீவான பார்படோஸ் 1966-இல் விடுதலையாகி, 2021-இல்தான் குடியரசானது. ஆஸ்திரேலியாவில் 1999-இல் மக்களிடமே கேட்டார்கள், குடியரசு தோற்றது.

நமக்கு இரண்டரை வருடத்தில் முடிந்தது. அரசியல் நிர்ணய சபை அப்போதே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்ததால்.